காற்றடித்தால் கொடி முகத்தில் அப்பிக்கொள்கிறது, வழி சொல்லுங்கள்

மூத்த கேடட்டுகளுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம். நான் கேடட்டாகச் சேர்ந்து 3 மாதம்தான் ஆகிறது. உயரமாக இருக்கிறேன் என்ற ஒரே தகுதிக்காகப் பிரிவுக் கொடியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அணிவகுப்புக்கு இன்னும் 12 நாள்.

கம்பைத் தரையில் ஊன்றி நிற்கும்வரை சிக்கல் இல்லை. தூக்கியதும்தான் வம்பு. தோள் வாரில் தொங்கும் தோல் குழிக்குள் கம்பின் அடியைக் குனிந்து பார்க்காமல் செருக வேண்டும். பத்துக்கு நான்கு முறை குறி தவறித் தொடையில் இடித்துக்கொள்கிறேன். வாரை எவ்வளவு இறக்கிக் கட்டுவது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வலது கை வாய்க்கு நேராக, முன்கை தரைக்கு இணையாக இருக்க வேண்டும் என்கிறார் பயிற்றுநர். ஐந்து நிமிடத்தில் தோள் நடுங்கி, கம்பு மெல்லச் சாய்கிறது. வீட்டில் துடைப்பக் கம்பின் நுனியில் ஈரத்துணி கட்டிப் பழகுகிறேன். தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள், அது வேறு கதை.

காற்றுதான் பெரிய எதிரி. நேற்றைய ஒத்திகையில் துணி முகத்தை மூடிவிட்டது. இடப்பக்கம் திரும்பும் ஆணை காதில் விழுந்தும் தடுமாறி நேராகவே நடந்தேன். கொடிக்குக் காவலாக என்னோடு நடந்து வந்த இருவரும் ஒழுங்காகத் திரும்பிவிட்டார்கள். கொடி மட்டும் தனிவழி போனது!

துணியின் ஓரத்தைக் கம்போடு சேர்த்துப் பிடிக்கலாமா? பிடித்தால் எப்போது விட வேண்டும்? மரியாதைக்காகத் தாழ்த்தும்போது எதிர்க்காற்று வீசினால் கம்பை எப்படி நிதானிப்பது? துணி தரையைத் தொட்டுவிடுமோ என்று கைகள் விறைத்துப்போகின்றன. கொடி சுமந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.