செஃப் தொப்பி, வெள்ளைக் கோட்: உங்கள் அனுபவம் என்ன?

அடுப்படி ஆள்:
கேட்டரிங் படிக்கும்போது ஆறு மாதப் பயிற்சிக்குச் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனேன். முதல் நாளே கோட், கட்டம் போட்ட பேன்ட், ஏப்ரன், கழுத்துத் துணி எல்லாம் கொடுத்தார்கள். தொப்பி மட்டும் காகிதத்தில், நாலு விரல் உயரம். பெரிய செஃப் தலையிலோ ஒரு சாணுக்கு மேல் மடிப்பு மடிப்பாக நின்றது. யாரிடம் திட்டு வாங்க வேண்டும் என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

எனக்குப் புரியாதது கோட்தான். வேர்த்து ஒழுகுகிற இடத்தில் நெஞ்சுக்கு எதற்கு இரண்டு அடுக்குத் துணி?

மூன்றாவது வாரம் புரிந்தது. ஸ்டாக் (எலும்பு, காய்கறி வேகவைத்த சாறு) வடிகட்டும்போது பாத்திரம் நழுவி, கொதிக்கக் கொதிக்க நெஞ்சில் கொட்டியது. நான் அலறிக்கொண்டு நிற்க, பக்கத்திலிருந்த சூ செஃப் (பெரிய செஃபுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்) என் கோட்டை இரண்டு பக்கமும் பிடித்து ஒரே இழு! துணி முடிச்சுப் பொத்தான்கள் அத்தனையும் படபடவென்று கழன்றன. அப்படியே குழாயடிக்குத் தள்ளிவிட்டார். தோல் சிவந்ததோடு சரி.

அப்புறம் அதே வாரம், விருந்தினர் யாரோ செஃபைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் நெஞ்சிலே பெரிய மசாலாக் கறை. மனிதர் அசரவில்லை. மேல் அடுக்கை உள்ளே தள்ளி, உள் அடுக்கை மேலே கொண்டுவந்து பொத்தான் போட்டார். புதுக் கோட்!

சாக்பீஸ்:
கேட்டரிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். 1780-களில் பாரிஸில் பிறந்த கரேம் என்ற சமையல்காரர்தான் இந்த வெள்ளை உடுப்பைப் பிரபலமாக்கினார் என்று சொல்வோம். தொப்பி நிமிர்ந்து நிற்க உள்ளே அட்டை வைப்பாராம். தொப்பியில் 100 மடிப்பு, முட்டையை 100 விதமாகச் சமைக்கத் தெரிந்தவர் என்று அர்த்தம் என்றும் ஒரு கதை உண்டு. ஒரு நாள் உட்கார்ந்து என் தொப்பியை எண்ணினேன். 40-ஐக்கூடத் தாண்டவில்லை. ஆம்லெட், ஆஃப் பாயில், பொடிமாஸ் என்று நானும் பத்தோடு நின்றுவிடுகிற ஆள்தான், ஆகவே வருத்தமில்லை.

பந்திக்கு முந்து:
எங்கள் அப்பா கல்யாணச் சமையல் மாஸ்டர். மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, அவ்வளவுதான் யூனிஃபார்ம். வேர்வைக்கும் அதே துண்டு, அண்டா இறக்கவும் அதே துண்டு. ஆனால் ஈரமாக இருந்தால் தொடவிடமாட்டார்; சூட்டில் ஆவி கிளம்பிக் கை வெந்துவிடும். துண்டு தலையிலிருந்து தோளுக்கு இறங்கினால் கடைசிப் பந்தி முடிந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அடுப்படி ஆள்:
துண்டு விஷயம் எங்கள் கிச்சனிலும் அப்படியே. ஈரத் துணியோடு ஓவன் அடுப்புப் பக்கம் போனால் திட்டு நிச்சயம். இப்போது நானே சூ செஃப், தலையில் சின்னக் குல்லாதான். உயரத் தொப்பி போட்டுக் குனிந்து நிமிர்ந்தால் புகைக்கூண்டில் இடிக்கிறது. அதை பஃபே கவுண்டரில் தோசை வார்க்க நிற்கும் பையனுக்குக் கொடுத்துவிட்டோம்.