காலை ஏழு மணி மிஸ்டு கால்

எல்லோருக்கும் வணக்கம்.

நீங்கள் அனுப்பிய பணம் ரங்கூன் வழியாக வந்து சேர்ந்தது. கணக்கைத் தனி மடலில் அனுப்புகிறேன். இது வேறு விஷயம்.

கோயில் தெரு அத்தை போன வாரம் குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். விடிகாலையில் விழுந்தவரை மதியம்தான் பார்த்தோம். அதுவும் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) விற்கும் பர்மாக்காரப் பெண், பாத்திரம் எடுத்துக்கொண்டு அத்தை வரவில்லையே என்று கதவைத் தட்டியதால். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது, தகரத்தைப் பெயர்த்துத்தான் நுழைந்தோம். முதல் நாளிலிருந்தே கரண்ட் இல்லை, போன் செத்துக் கிடந்தது. பினாங்கிலிருந்து மகன் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். லைன் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாராம். இடுப்பில் அடி, எலும்பு முறியவில்லை.

2024 பிப்ரவரியில் இங்கே பர்மாவில் ராணுவ அரசு கட்டாய ராணுவச் சேவை அறிவித்த பிறகு இளவட்டங்கள் பாதிப்பேர் ஊரில் இல்லை. ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அந்த வயதுக்காரர்கள்தானே? இப்போது இந்த ஒரு தெருவிலேயே ஏழு வீட்டில் ஒற்றை ஆள்.

அதனால் ஒரு ஏற்பாடு. காலை ஏழு மணிக்குள் ஒவ்வொருவரும் எனக்கு ஒரு மிஸ்டு கால் தர வேண்டும். எட்டு வரை வராவிட்டால் நான் நேரில் போவேன். கரண்ட் போன நாளெல்லாம் வீண் அலைச்சல்தான், இருக்கட்டும். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில். பெரியப்பா ஒருவர் மட்டும் சாவி தர மாட்டேன் என்கிறார். போனில் பணம் வாங்கவும் மாட்டார். 1987ல் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனதைப் பார்த்தவர். கண்ணுக்குத் தெரியாத பணத்தை எப்படி நம்புவார்? அவருக்குத் தாளாகவே கொடுக்கிறேன்.

மொஹிங்காக்காரப் பெண் தினமும் ஏழு வீட்டுக்கும் எட்டிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். சும்மா கேட்கக் கூடாது, மாதச் சம்பளம் பேசுவோம்.

உங்களிடம் கேட்பது, வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் போன். "சாப்பிட்டீங்களா"வோடு வைத்துவிடாதீர்கள். பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். "எல்லாம் இருக்குப்பா" என்பார்கள், நம்பாதீர்கள். அட்டையைக் கையில் எடுத்து எண்ணச் சொல்லுங்கள். அத்தை வீட்டு அட்டையில் ஒன்றுகூட இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் காலியாக இருக்கின்றன. இங்கே ஏழு மணி என்றால் மலேசியாவில் எட்டரை. வேலைக்குப் போகிற வழியில் பேசிவிடலாம். யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?