முன்வார்ப்பா, முதுவார்ப்பா? பழைய டீசல் என்ஜின் பிளாக்குக்கு ஒரு சொல்

கோவை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். மாணவர்களுக்கான டீசல் என்ஜின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே மாடலில் தொடக்கத்தில் வந்த பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த என்ஜினின் பெரிய இரும்பு வார்ப்பு), பிறகு திருத்தி வந்த பிளாக் இரண்டையும் பிரித்துச் சொல்லப் பெயர் வேண்டும். முன்வார்ப்பு, பின்வார்ப்பு என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். "முன்வார்ப்பில் பின் ஆயில் சீல் இரண்டு துண்டுக் கயிறு, பின்வார்ப்பில் ஒரே வளையம்" என்ற வரி வந்ததும் ஒரு மாணவன் என்ஜினின் முன்புறமான டைமிங் மூடிப் பக்கத்தைத் தொட்டு, "முன்வார்ப்பு இதுவா, ஐயா?" என்று கேட்டான். அவன் மேல் தவறில்லை. என்ஜினில் முன், பின் என்றால் இடம்தான்.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'முன்' எப்போதும் இப்படித்தான் இழுபடும். முன்னோர் கடந்து போனவர்கள். முன்னேற்றமோ இனி வரவேண்டியது. தலைவார்ப்பு, கடைவார்ப்பு என்று வைக்கலாமே. தலைச்சன், தலைநாள் எல்லாம் முதன்மைப் பொருளில் வந்தவை. காங்கேயம் பக்கம் முதல் கன்று ஈன்ற மாடு தலையீற்று மாடு. ஈன் என்பதிலிருந்து ஈற்று. உலோகம் வார்க்கும் அச்சுக்குக் 'கரு' என்றே ஒரு பெயர் உண்டு. கருவிலிருந்து வெளிவருவது ஈற்றுதானே? தலையீற்று பிளாக் என்றே சொல்லலாம்.

சங்ககிரி, லாரிப் பட்டறை:

ஐயா, தலைவார்ப்பு என்றால் எங்கள் பையன் பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட்டைக் கழற்றிக்கொண்டு வருவான். நாங்கள் சொல்வது பழைய மாடல், புது மாடல். பெயரைவிட அடையாளம்தான் எங்களுக்குப் பெரிய பாடு. பெயின்டைச் சுரண்டிக் கம்பி பிரஷ் போட்டால் புடைத்த எண் தெரியும். அது பேட்டர்னோடு, அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி உருவோடு, வந்தது. பஞ்ச் அடித்த எண் அந்த ஒரு என்ஜினுக்கு மட்டும் உரியது. சில பிளாக்குகளில் ஹெட் உட்காரும் தளத்தை ஒட்டியே பஞ்ச் எண் இருக்கும். தளத்தைச் சீவினால் அது போய்விடும். புடைத்த எண் நிற்கும். கம்மின்ஸ் 5.9 லிட்டர் என்ஜினில் '53' என்று புடைத்த பிளாக்கில் தண்ணீர் ஜாக்கெட் (குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறை) சுவர் மெல்லியது, விரிசல் விடக்கூடும். எண்ணைத் தேடாமல் வெளித்தோற்றத்தில் அதைப் பிரித்தறிய முடியாது.

பொள்ளாச்சி, மொழிபெயர்ப்பாளர்:

புடைத்த எண்ணை 'வார்ப்பெண்' என்று சேர்த்து எழுதாதீர்கள். பெண் என்று கண் படிக்கும். வார்ப்பு எண் என்று பிரித்தே இருக்கட்டும். மற்றதற்கு முதுவார்ப்பு, இளவார்ப்பு. மூதூர், முதுமரம் என அஃறிணைக்கும் முதுமை வரும். பிளாக்கையும் 'உருளைக்கட்டு' ஆக்கிவிடலாம்.

பீளமேடு, பேட்டர்ன் செய்பவர்:

பிளாக் என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள். "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே", காலத்தோடு வழக்கில் வந்த சொல்லை விலக்க வேண்டியதில்லை என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. இளவார்ப்பு என்றால் பௌண்டரியில் (வார்ப்பாலையில்) மிருதுவான இரும்பு என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பெர்கின்ஸ் 4.107, 4.108 என்ஜின்கள் இரண்டும் கொள்ளளவில் ஏறக்குறைய ஒன்றே. முதலாவதில் சிலிண்டருக்குள் செருகும் உறையான லைனரின் மேல் தண்ணீர் நேராகப் படும், இரண்டாவதில் படாது. பேட்டர்ன் மாறியதால் வந்த வேறுபாடு இது. முதல் ஈடு, அடுத்த ஈடு என்றால் என்ன? இட்லிக்குச் சொல்கிறோமே.

ஈரோடு:

முதல், ஈடு புணர்ந்தால் முதலீடு. வங்கிக்குப் போய்விடும். தலையீடு அதைவிட மோசம். மேலும் ஒரே பேட்டர்னில் நூற்றுக்கணக்கான ஈடு வார்ப்பீர்கள். ஈடு மாறினால் பிளாக் மாறுவதில்லையே.

சங்ககிரி:

அது சரிதான்.

கோவை:

வியாழன் இரவு பத்தரை ஆகிவிட்டது. 'முந்தைய வார்ப்பு, பிந்தைய வார்ப்பு' என்று போடுகிறேன். முந்தைய என்றால் காலம்தான். யாரும் ரேடியேட்டர் பக்கம் கை நீட்டமாட்டார்கள். வகுப்பில் சோதித்துவிட்டேன். சொல்லடைவில் பழைய மாடல், புது மாடல் இரண்டையும் சேர்த்திருக்கிறேன். பொள்ளாச்சி, பீளமேடு, சங்ககிரி மூவரும் இசைந்திருக்கிறார்கள்.

ஈரோடு:

நான் இசையவில்லை. முந்தையது என்பது எதற்கு முந்தையது? மூன்றாவது முறை பேட்டர்னைத் திருத்தியிருந்தால் நடுவில் உள்ளது முந்தையதா, பிந்தையதா? தலையீற்றுக்குப் பின் இரண்டாம் ஈற்று, மூன்றாம் ஈற்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். அடுத்த பதிப்புக்காவது இதைக் குறித்து வையுங்கள்.