திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போக முடியவில்லை

தேரிக்காட்டான்:

சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம். சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபை. வயது 38. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அசனப் பண்டிகை, அதாவது சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து, அதன் கணக்கு என் கையில் இருந்தது. வீட்டுக்கு வீடு பிரித்த பணத்தில் 18,000 ரூபாயை எடுத்துவிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதினால் இரக்கப்படுவீர்கள். அது இல்லை. ஆன்லைன் ரம்மி. ஆட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று கமிட்டியில் பொய் சொன்னேன். அப்புறம் என் செயினை அடகு வைத்து, அசனத்துக்கு ஒரு வாரம் முந்தி பணத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். கணக்கு சரி. இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அசனத்தன்றைக்குக் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஊற்றிக்கொண்டு போகிறேன். ஐம்பது ரூபாய் கொடுத்திருந்த ஒரு பாட்டி இலையிலிருந்து நிமிர்ந்து, “நீ நல்லா இருப்பய்யா” என்றாள். அதோடு நிம்மதி போயிற்று. முழங்கால் போட்டால் அந்த முகம்தான் வருகிறது. அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசை எழுந்திருக்கும்போது, பைக்கை நிழலில் நிறுத்தப் போகிறவன் மாதிரி வெளியே வந்துவிடுகிறேன். முதல் திருவிருந்துக்கு முந்தின திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் பண்ணின “அபாத்திரமாய்” என்ற வார்த்தை இப்போதும் காதில் அடிக்கிறது. 1 கொரிந்தியர் 11:29, தகுதியில்லாமல் இந்த விருந்தில் புசிக்கிறவன் தனக்கே ஆக்கினைத்தீர்ப்பைத் தேடிக்கொள்கிறான் என்று. அடுத்த வசனத்தில் வியாதி, மரணம் என்று வேறு வருகிறது. இப்படியே எத்தனை நாள் ஓட்ட?

ஜெபவீரன்:

சகோதரரே, 1 யோவான் 1:9 வாசியுங்கள். அறிக்கையிட்டால் அவர் மன்னிக்க உண்மையுள்ளவர். விசுவாசித்துத் தைரியமாகப் போங்கள். ஆமென்.

தேரிக்காட்டான்:

வசனம் தெரியும் அண்ணாச்சி. கால்தான் எழும்பமாட்டேன் என்கிறது.

ரிட்டயர்டு டீச்சர்:

தம்பி, நானும் அந்த 29-ஆம் வசனத்துக்குப் பயந்து வளர்ந்தவள்தான். கையில் வேதாகமம் இருந்தால் 17-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒருவன் பசியோடு இருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்றுதான் அந்தச் சபைக்குக் கடிதம் எழுதின பவுல் 22-இல் சீறுகிறார். நம் ஊர் அசனத்தில் பெரிய வீட்டுக்காரர்களுக்கு முதலில் கறியைப் போட்டு, கடைசிப் பந்திக்கு வெறுங்குழம்பு ஊற்றினால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே நடந்தது. “அபாத்திரமாய்” என்பது சாப்பிடுகிற விதத்தைச் சொல்கிற வார்த்தை. பாத்திரவான் மட்டும் வரலாம் என்றால் பீடத்துக்கு முன்னால் அந்தக் கிராதியில் முழங்கால் போட ஒரு ஆள் தேறாது, சபை போதகரான ஐயர் உட்பட.

28-ஐயும் பாருங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன். சோதித்துப் பார்த்துவிட்டு வெளியே போய் பைக்கை மாற்றி நிறுத்து என்று அவர் எழுதவில்லை.

ஆனால் ஒன்று, தடவிக்கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. நீங்கள் கை வைத்தது இல்லாதவர்களும் உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தியின் பணத்தில். அதனால் அந்த அதிகாரம் உங்களையும் தொடத்தான் செய்கிறது. பாட்டி முகம் வருவது பிசாசின் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த சீஷன் பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மறுதலித்தது ஒரு கரிநெருப்புப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது, யோவான் 18:18. உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு மீன் வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பில்தான், 21:9. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இந்த இரண்டே இடத்தில்தான் வருகிறது. அந்தப் புகை மூக்கில் ஏறினபோது பேதுருவுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்! ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்.” சாப்பிட்டு முடித்த பிறகுதான் “என்னை நேசிக்கிறாயா?” மூன்று தடவை. மூன்றாவது தடவை பேதுரு துக்கப்பட்டார் என்று இருக்கிறது. வலித்திருக்கிறது. ஆனால் சோறு போட்டபிறகு கேட்ட கேள்வி அது.

மணப்பாட்டுக்காரன்:

நான் கத்தோலிக்கன், குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். ஆறு வருஷம் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, போகாதவன். எங்கள் பங்குச் சாமியார் என் குரலைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். கடைசியில் வேளாங்கண்ணிக்குப் போய், தெரியாத ஊரில் வரிசையில் நின்றேன். முன்னால் பதினொரு பேர், எண்ணினேன். என் முறை வந்ததும் சொல்ல வேண்டிய ஜெபமே மறந்துபோயிற்று. சாமியார் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தார், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி. கேட்டதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது. திருச்சபைச் சட்டம் அப்படி. உங்களுக்கு அந்த ஏற்பாடு கிடையாது, ஆனாலும் வாயைத் திறந்து ஒரு மனுஷன் காதில் சொல்லிப் பாருங்கள். அடக்கிவைத்தமட்டும் எலும்புகள் உலர்ந்துபோயிற்று என்று தாவீது 32-ஆம் சங்கீதத்தில் சும்மா பாடவில்லை.

பழைய பொருளாளர்:

லேவியராகமம் 6:5. எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். 18,000-க்கு 3,600. முதல் போய்ச் சேர்ந்துவிட்டது, மிச்சம் நிற்கிறது. இன்னொன்று, அந்த ரம்மி ஆப்பை அழித்தாயிற்றா? அதை யாருமே கேட்கவில்லையே.

ரிட்டயர்டு டீச்சர்:

நல்ல கேள்வி. ஆனால் 3,600 கட்டினால்தான் அப்பம் என்று ஆக்கிவிடாதீர்கள் அண்ணாச்சி. ஏமாற்றிச் சம்பாதித்த வரிவசூல்காரன் சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்னது இயேசு அவன் வீட்டுக்குள் வந்த பிறகு.

தேரிக்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. ஆப்பைப் போன வருஷமே அழித்துவிட்டேன். இரண்டு தடவை மறுபடி இறக்கி, மறுபடி அழித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர், உங்கள் பதிலை நாலு தடவை வாசித்தேன். “சோறு போட்டபிறகு கேட்ட கேள்வி” என்ற இடத்தில் கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பையன் ஒருவன் ரீசார்ஜ் பண்ண வந்து நின்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் பாடகர் பயிற்சி முடிந்ததும் ஐயர் தனியாக இருப்பார். 3,600-ஐக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முந்தி வீட்டில் சொல்ல வேண்டும். செயின் தொலைந்துவிட்டது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். ஐயரைவிட அதுதான் பயமாக இருக்கிறது. இப்போது பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். முடியட்டும்.