5,000 டாலருக்காக ஒரு அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஓட்டை மாற்றிப் போடுவாரா?

கேள்வி:
அமெரிக்காவில் ஒரு பிஏசி, அதாவது பலரிடம் பணம் திரட்டித் தேர்தல் நிதி கொடுக்கும் குழு, பொதுவாக ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரைதான் கொடுக்கலாம். தனிநபருக்கு வரம்பு அதைவிடக் குறைவு. மில்லியன் கணக்கில் செலவழித்து ஜெயிப்பவருக்கு இது ஒரு பெரிய தொகையா? அப்புறம் லாபியிஸ்டுகள், அதாவது நிறுவனங்களுக்காகவும் அமைப்புகளுக்காகவும் உறுப்பினர்களிடம் பேசி ஆதரவு தேடுபவர்கள், எதற்காகத்தான் கொடுக்கிறார்கள்?

பதில் 1:
ஓட்டுக்காக இல்லை, உள்ளே போய் உட்கார்ந்து பேசுவதற்காக. 2016-ல் வெளியான ஒரு ஆய்வில் 191 காங்கிரஸ் அலுவலகங்களிடம் சந்திப்புக்கு நேரம் கேட்டார்கள். வரப்போகிறவர்கள் தொகுதிக்காரர்கள் என்று சில அலுவலகங்களுக்கும், நன்கொடையாளர்கள் என்று மற்றவற்றுக்கும் சொல்லப்பட்டது. நன்கொடையாளர் என்று தெரிந்த இடங்களில் மூத்த அதிகாரிகளைப் பார்க்க முடிந்தது மூன்று மடங்குக்கும் மேல். காங்கிரஸில் இருந்த மிக் மல்வேனியே 2018-ல் வங்கியாளர்கள் கூட்டத்தில், பணம் கொடுக்காத லாபியிஸ்டிடம் தான் பேசியதில்லை என்றும் கொடுத்தவரிடம் பேசியிருக்கலாம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். காசு கொடுக்காத தொகுதிக்காரர் தன் பிரச்சினையை யாரிடம் போய்ச் சொல்வது?

பதில் 2:
5,000 என்று ஒற்றைக் காசோலையைப் பார்த்தால் கணக்குத் தப்பும். ஒரு லாபியிஸ்ட் காலை உணவுக் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்து, தன் வாடிக்கையாளர்கள் பலரிடமும் காசோலை வாங்கி மொத்தமாகச் சேர்த்துக் கொடுப்பார், உறுப்பினருக்கு நினைவில் நிற்பது அந்த ஒருவர் முகம்தான். ஜாக் ஏப்ரமாஃப் என்ற லாபியிஸ்டின் ஊழல் வெடித்த பிறகு, 2007-ல் வந்த சட்டம்தான் இப்படித் திரட்டித் தருவதை வெளியே சொல்லக் கட்டாயப்படுத்தியது. அரசு அலுவலகத்திலிருந்து நிதி கேட்கக் கூடாது என்பதால் உறுப்பினர்கள் பக்கத்திலுள்ள கட்சி அலுவலகத்துக்கு நடந்து போய், பட்டியலை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போன் போடுகிறார்கள். இந்த அலைச்சலைக் குறைப்பவர் பேச்சுக்கு மதிப்பு கூடாமல் இருக்குமா? 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரிடம் கொடுக்காமல் தனியாகச் செலவழிக்கும் சூப்பர் பிஏசிக்களுக்கு உச்சவரம்பே இல்லை, அது தனிக்கதை.

பதில் 3:
ஒரு மறுப்பும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தங்கள் பக்கம் இருப்பவருக்குத்தான் பெரும்பாலும் பணம் போகிறது, அதனால் பணத்தால் ஓட்டு மாறியது என்று நிரூபிப்பது கஷ்டம். ஆனால் எனக்குக் கோபம் வருவது ஓட்டெடுப்புக்கே வராமல் போகிற விஷயங்களில்தான். முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றிய 2003 சட்டத்தில், மருந்து விலையில் அரசு தலையிட்டுப் பேரம் பேசக் கூடாது என்று ஒரு வாசகம் இருந்தது. அந்தச் சட்டத்தைக் காங்கிரஸில் நகர்த்தியவர்களில் ஒருவரான பில்லி டோசின் 2005-ல் மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவரானார். பேரம் பேச வழி திறந்தது 2022-ல், அதுவும் சில மருந்துகளுக்கு மட்டும். அத்தனை வருடமும் மருந்துக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் முதியவர்களும் வரி கட்டுகிறவர்களும்.

கேள்வி கேட்டவர்:
சரி, புரிகிறது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று எங்கே பார்ப்பது?

பதில் 2:
கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளர் பெயரைப் போட்டாலே வரும். பதிவுபெற்ற லாபியிஸ்டுகள் தங்கள் நன்கொடைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாகவும் தாக்கல் செய்ய வேண்டும். முதலில் அந்த உறுப்பினர் எந்தக் கமிட்டியில் இருக்கிறார் என்று பாருங்கள், பிறகு கொடுத்தவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று பாருங்கள்.