எங்கள் மன்றத்துக்கு வந்து பேசியவர்கள்: படகும் பஸ்ஸும்

சென்னை அடையாற்றிலிருந்து:

எங்கள் குடியிருப்போர் மன்றத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை வெளியாள் ஒருவரைப் பேச அழைப்பார்கள். பெரும்பாலும் சர்க்கரை நோய், முதலீடு, அதுவும் இல்லாவிட்டால் கம்பராமாயணம். இந்த முறை "படகும் பஸ்ஸும்" என்று செயலாளர் பலகையில் எழுதிப் போட்டதும், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்று முனகாதவர் இல்லை. நானும்தான்.

முதலில் பேசியவர் பக்கத்துக் குப்பத்து மீனவப் பெரியவர். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டார். ஆற்று முகத்துவாரம் ஏன் அடிக்கடி மணல் மூடிப்போகிறது என்று ஒருவர் கேட்டார். தோளில் கிடந்த துண்டை மேசையில் விரித்து, "இது கரை" என்றார். காபி டம்ளரை அதன் ஓரத்தில் வைத்து, "இது துறைமுகம்." பிஸ்கட் தூளை விரலால் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போனார். டம்ளருக்குத் தெற்கே தூள் குவிந்தது. வடக்கே துண்டு வெறுமையாகக் கிடந்தது. வருடத்தில் பாதிக்கு மேல் கடல் மணலை வடக்கே நகர்த்துகிறது, வாடை அடிக்கும் மாதங்களில் மட்டும் திருப்புகிறது, ஆற்றில் நீரோட்டம் குறைந்தால் அந்த மணல் வாயை அடைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விளக்கம். துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா ஏன் அத்தனை அகலம், வடக்கே திருவொற்றியூர்ப் பக்கம் கல் கொட்டியும் ஏன் கரை கரைகிறது என்பது அந்த டம்ளரில் புரிந்தது. பொறியாளர்கள் படம் போட்டுக் காட்டியும் எனக்கு இது விளங்கியதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு கோட்டூர்புரம் போனதையும் சொன்னார். தெருவில் இன்ஜினை ஓட்ட முடியவில்லையாம். மூழ்கிக் கிடக்கும் கார் எங்கே, சுற்றுச்சுவர் எங்கே என்று தெரியாது. கழியால் ஊன்றி, கயிற்றைப் பிடித்து இழுத்துத்தான் போனார்களாம். "கடலில் பயமில்லை, உங்கள் தெருவில்தான் பயம்" என்றார். சிரித்தோம்; அவர் சிரிக்கவில்லை.

அடுத்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அரை மணி நேரம் ஒன்றும் வராமல் பிறகு ஒரே எண்ணில் மூன்று சேர்ந்து வருகிறதே, டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு வருகிறீர்களா என்று என் பக்கத்து வீட்டு மாமி கேட்டே விட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அம்மா, முதல் வண்டி சிக்னலில் ஐந்து நிமிடம் மாட்டினால், அடுத்த நிறுத்தத்தில் ஐந்து நிமிடக் கூட்டம் கூடுதலாக நிற்கும். ஏற்றி, டிக்கெட் போட்டு எடுப்பதற்குள் இன்னும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கு ஏற ஆளே இருக்காது, காலியாக வந்து முன்னதைப் பிடித்துவிடும்" என்றார். பிறகு ஒரு யோசனையும் சொன்னார்: கூட்டமான முதல் வண்டியில் தொங்காமல், பின்னால் வருவதில் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும், முன் வண்டியும் சீக்கிரம் நகரும்.

மந்தைவெளியிலிருந்து:

அடையாறு நண்பர் மொட்டைத் தலை, முழங்கால் என்கிறார். எங்கள் மன்றத்தில் பேசிய முதியவர் ஒருவர் அந்த முடிச்சைப் போட்டே காட்டினார். சிறுவயதில் பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகு போவதைப் பார்த்தவர். காற்று இல்லாத நாளில் கரையில் ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துப் போவார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர்ப் பக்கம் தொடங்கிய வெட்டு அது. 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போதைய கவர்னரின் பெயர்தான் கால்வாய்க்கு. 1960களின் புயல்கள் அதைச் சிதைத்தன. கடைசியில் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள்; கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995, மயிலாப்பூர் வரை 1997. படகு போன வழியில்தான் இன்று ரயில் போகிறது. திருமயிலை நிலையத்தில் நின்று கீழே பார்த்தால் தண்ணீரின் நிறம் தெரியும், நான் வர்ணிக்கப் போவதில்லை. ரயில் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதற்காக ஒரு நீர்வழியைச் சாக்கடையாக விட்டிருக்க வேண்டியதில்லை.

காசிமேட்டிலிருந்து:

இருவருக்கும் ஒரு வார்த்தை. பேச வருபவருக்குச் சால்வை போர்த்தி போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள். படகுக்காரர் மாலையில் வந்து பேசினால் மறுநாள் விடியலுக்கு முன் கடலுக்குப் போவது சிரமம். ஒரு நாள் வருமானம் போகும். எங்கள் மன்றத்தில் போக்குவரத்துச் செலவோடு ஒரு நாள் கூலியையும் உறையில் வைத்துக் கொடுக்கிறோம். கொடுக்க முதலில் கூச்சப்பட்டவர்கள் நாங்கள்தான், வாங்கியவர் இல்லை. விசைப்படகுக்காரர்கள் வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கேளுங்கள். மீன்பிடித் தடைக்காலம்; வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டும் துறைமுகத்திலேயே இருப்பார்கள். அதற்குப் பிறகு கேட்டால் ஆள் கிடைப்பது கடினம்.