கேன்வாஸ் டென்ட்டுக்கு மேலே தார்ப்பாய் போட்டே ஆக வேண்டுமா?

ஓலைத்தொப்பி கேட்டது:

இத்தனை நாள் நைலான் டென்ட்டிலேயே ஓட்டியாகிவிட்டது. இப்போது நாலு பக்கமும் நேர்ச்சுவர், மேலே முகடு, உள்ளே நின்றுகொண்டே உடை மாற்றலாம் என்கிற உயரம், அப்படி ஒரு பருத்தி கேன்வாஸ் டென்ட் வாங்கியிருக்கிறேன். 10 அவுன்ஸ் துணி (ஒரு சதுர கெஜத்தின் எடை) என்று போட்டிருக்கிறது. விறகு அடுப்பு வைக்கலாம், புகைக்குழாய்க்குக் கூரையில் வழி விட்டிருக்கிறார்கள். ஒரே இடத்தில் மூன்று நான்கு வாரம் இறக்காமல் வைக்கத் திட்டம். மழை, வெயில், காற்று எல்லாமே மாறி மாறி வரும் இடம்.

ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். நடுத்துணியில் ஒன்றும் இல்லை, ஆனால் தையல் ஓரமாகப் பொடிப்பொடியாக நீர் உள்ளே வந்தது. விற்றவரைக் கேட்டால் போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார். தெரிந்தவர் ஒருவர் பாலித்தீன் தார்ப்பாய் வாங்கி மேலே போர்த்திவிடு, வேலை முடிந்தது என்கிறார். இன்னொருவர் மெழுகை உருக்கித் தேய்க்கச் சொல்கிறார். மூன்று பேரும் அடித்துச் சொல்வதால் எனக்குத்தான் குழப்பம். தார்ப்பாய் உண்மையிலேயே தேவையா, இல்லை கேன்வாஸே தாங்கிக்கொள்ளுமா?

மூன்றாம்முளை:

விற்றவர் தட்டிக்கழிக்கவில்லை, அவர் சொன்னது நிஜம்தான். பருத்தி இழை நனைந்தால் உப்பும். நெசவில் இருக்கும் சந்தும், ஊசி போட்ட ஓட்டையும் அந்த உப்பலில்தான் அடைபடுகின்றன. புதுத் துணி இன்னும் ஒருமுறைகூட முழுதாக நனைந்து காயவில்லை, அதனால்தான் தையலில் கசிவு. டென்ட்டை நிறுத்தி, கூரை, சுவர், மூலை எல்லாம் சொட்டச் சொட்ட நனையுங்கள், பிறகு முழுக்கக் காயவிடுங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்தால் பெரும்பாலான கசிவு நின்றுவிடும். அரைகுறையாகக் காய்ந்ததும் அடுத்த தடவை நனைப்பதில் பயன் இல்லை. அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் விடாமல் சொட்டினால் அந்த இடத்துக்கு மட்டும் தையல் அடைக்கும் பசையை வெளிப்பக்கம் தடவுங்கள். வெறும் பாலியெஸ்டர் நூலில் தைத்திருந்தால் நூல் உப்பாது, சுற்றியுள்ள துணிதான் உப்பி அடைக்க வேண்டும், ஆகவே கொஞ்சம் கூடுதல் கசிவை எதிர்பார்க்கலாம்.

மெழுகு வேண்டவே வேண்டாம். மெழுகு எரிபொருள். உள்ளே விறகு அடுப்பு, கூரையில் மெழுகு ஊறிய துணி, இதை நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது. தவிர, துணி மூச்சுவிடுவதும் நின்றுபோகும், எடையும் ஏறும். நீர் விலக்கும் தன்மை குறைந்த பழைய டென்ட்டுக்கு அதற்கென்று விற்கும் கலவை இருக்கிறது. அதிலும் உங்கள் துணியில் முன்பு எந்த வகைப் பூச்சு இருந்தது, தீ எதிர்ப்புப் பூச்சு உண்டா என்று டென்ட் செய்தவர்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். புது டென்ட்டுக்கு இப்போது எதுவுமே தேவையில்லை.

கயிறுகட்டி:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லையே. தார்ப்பாய் வேண்டுமா வேண்டாமா? மூன்று நான்கு வாரம் ஒரே இடம் என்றால் வேண்டும். அதுவும் மழைக்காக இல்லை, வெயிலுக்காக. எல்லாரும் மழையை நினைத்துக் கவலைப்படுகிறார்கள், ஆனால் கேன்வாஸைச் சாகடிப்பது புற ஊதாக் கதிரும் பூஞ்சணமும்தான். கதிர் பருத்தி இழையை மெல்ல மெல்ல உடைக்கும். பார்வைக்கு நன்றாக இருக்கும் கூரை ஒருநாள் காற்றில் காகிதம்போலக் கிழியும். தார்ப்பாய்க்கும் அதே கதிர்தான், ஆனால் அது கிழிந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், கூரை கிழிந்தால் டென்ட்டே போச்சு. மரத்துப் பிசின், பறவை எச்சம், அடுப்பிலிருந்து பறக்கும் பொறி, எல்லாவற்றையும் தார்ப்பாயே வாங்கிக்கொள்ளும். பனி பெய்யும் இடமானால் வழவழப்பான தார்ப்பாயில் பனி தங்காமல் சரியும், சொரசொரப்பான கேன்வாஸில் ஒட்டிக்கொண்டு சுமை ஏறும்.

ஆனால் “போர்த்திவிடு” என்று உங்கள் நண்பர் சொன்னது தப்பு. துணிமேல் ஒட்டிக்கொண்டு கிடக்கும் பிளாஸ்டிக் நடுவில் ஈரத்தைப் பூட்டி வைக்கும், காற்றில் உரசி உரசித் துணியைத் தேய்க்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும், கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. முகட்டுக்கு மேலே தனியாக ஒரு கம்போ விறைப்பான கயிறோ கட்டி அதில் தார்ப்பாயைத் தொங்கவிடுங்கள். ஓரங்கள் சுவரைத் தாண்டி வெளியே நீளட்டும், மழை சுவரில் சாய்வாக அடிப்பது பாதி குறையும். வெள்ளை அல்லது வெள்ளிநிறப் பக்கம் மேலே இருந்தால் உள்ளே சூடும் குறையும். இழுகயிறுகளை டென்ட்டின் முளையில் கட்டாதீர்கள், தார்ப்பாய்க்குத் தனி முளை அடியுங்கள். ஏன் என்றால், புயல்போலக் காற்று வந்தால் தார்ப்பாய் கப்பல் பாய்போல ஆகிவிடும், அப்போது டென்ட்டைத் தொடாமல் அதை மட்டும் அவிழ்த்து இறக்க முடிய வேண்டும்.

அடுப்பு விஷயம் தனி. பாலித்தீன் ஏறத்தாழ 110 முதல் 130 டிகிரி செல்சியஸில் உருகும், ஒற்றைத் தகட்டுப் புகைக்குழாய் எரியும்போது 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். குழாயைச் சுற்றித் தார்ப்பாயை நன்றாக ஒதுக்கி மடித்துக் கட்டுங்கள், அந்தப் பக்கம் கொஞ்சம் கூரை வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை. குழாயின் வாய் முகட்டை விட உயரமாக இருக்கட்டும், பொறி தடுக்கும் வலையும் இருக்கட்டும், அந்த வலையில் கரி அடைக்கும், தட்டித் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நனைந்தகோழி:

நான் இதற்கு எதிர்க்கட்சி. சனி ஞாயிறு போய்விட்டு வருபவர்களுக்குத் தார்ப்பாய் வீண் சுமை. நல்ல கேன்வாஸ் இரண்டு நாள் மழையைத் தாங்கும். காற்று அதிகமான வெட்டவெளியில் ராத்திரி முழுக்கப் பட பட என்று அது அடிக்கும் சத்தத்தில் தூக்கம்தான் போகும். மூன்று வாரம் என்பதால் இவருக்கு வேண்டுமானால் சரி.

நான் பார்த்தவரை டென்ட் கெடுவது பெரும்பாலும் இடம் தேர்வில்தான். பெரிய மரத்துக்கு நேர் கீழே நிழலுக்காக நிறுத்துவார்கள், மழை நின்ற பிறகும் மரம் மணிக்கணக்கில் சொட்டும், துணி காயவே காயாது, கிளை முறிந்து விழுந்தால் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் மேடான தரை, காற்று போகும் இடம், குறுகிய பக்கம் காற்றைப் பார்த்தபடி, வாசல் எதிர்ப்பக்கம். சுற்றிக் கால்வாய் தோண்டுகிறவர்கள் உண்டு, மண்ணைக் கெடுப்பதால் பல முகாம் இடங்களில் அதை விடுவதில்லை. தோண்ட வேண்டிய தேவை வந்தால் இடமே தப்பு என்று அர்த்தம்.

ஓலைத்தொப்பி:

நன்றி, நிறைய தெளிவானது. மெழுகை விட்டாச்சு. ஒரு சந்தேகம். நேற்று ராத்திரி சோதனைக்காக நானும் தம்பியும் உள்ளேயே படுத்தோம். குளிருக்குச் சின்ன கேஸ் ஹீட்டர் வைத்து, வாசல், ஜன்னல் எல்லாம் இழுத்து மூடியிருந்தோம். மழையே இல்லை, ஆனால் காலையில் கூரை உள்பக்கம் ஈரம், தலையணை நசநச என்று இருந்தது. இது துணியின் கோளாறா?

ஈரமண்:

துணியின் மேல் பழி போடாதீர்கள், அது உங்கள் இருவரின் மூச்சும் ஹீட்டரும். புரொப்பேன் 1 கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் ஆவியாக வெளியே வரும், பியூட்டேனும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த ஆவி குளிர்ந்த கூரையில் பட்டு நீராகிறது. இதைக் கசிவு என்று நினைத்து மேலே பூச்சு பூச்சாகப் பூசுகிறவர்கள் ஏராளம், பூசப் பூச ஈரம் கூடத்தான் செய்யும். விறகு அடுப்பு என்றால் புகைக்குழாய் வழியாக ஆவியும் வெளியே போய்விடும், அதனால் உள்ளே காய்ந்தே இருக்கும். எதை எரித்தாலும் தாழ்வாக ஒரு திறப்பு, முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு திறப்பு, இரண்டும் ராத்திரி முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஈரத்தை விடுங்கள், எல்லாம் மூடிய டென்ட்டுக்குள் ஹீட்டர் எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குமுன் ஹீட்டரை அணையுங்கள், அந்த வாயுவைக் கண்டு எச்சரிக்கும் அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

தார்ப்பாய் இதற்கும் உதவும். நடுவில் இருக்கும் காற்று அடுக்கால் கூரை அவ்வளவு சில்லிட்டுப் போகாது.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். மழை நேரத்தில் கூரையை உள்ளிருந்து தொடக் கூடாது, பெட்டி படுக்கை எதுவும் சுவரில் சாய்ந்திருக்கக் கூடாது, தொட்ட இடத்தில் நீர் உள்ளே இழுக்கும். தெரியாமல் தொட்டுச் சொட்ட ஆரம்பித்தால், அந்த இடத்திலிருந்து சுவர் வரை விரலால் ஒரு கோடு இழுங்கள், நீர் அந்தத் தடத்திலேயே வழிந்து இறங்கிவிடும். கயிறு பருத்தியோ மணிலா நாரோ என்றால் நனைந்ததும் சுருங்கும், துணியும் கூடவே இறுகும், இரண்டும் சேர்ந்து முளையைப் பிடுங்கும் அல்லது துணியில் கயிறு கோக்கும் கண்ணியைக் கிழிக்கும். மழைக்கு முன் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். நைலான் கயிறு நேர் எதிர், நனைந்தால் தொய்யும், அதை இறுக்க வேண்டிவரும். சுவரின் அடியில் உள்பக்கமாக மடிக்க ஒரு பட்டை தைத்திருப்பார்கள், பெரும்பாலும் வினைல். அதை உள்ளே மடித்து, தரைவிரிப்பை அதன்மேல் போடுங்கள். விரிப்பு சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுவரில் வழியும் மழை எல்லாம் அதில் இறங்கி நேராகப் படுக்கைக்கு வரும். சுவர்த் துணியின் மேலேயே மண்ணை அள்ளிப் போட்டு அணைப்பதும் வேண்டாம், மண் ஈரத்தில் அடித்துணி மக்கிவிடும்.

ஓலைத்தொப்பி:

கடைசிக் கேள்வி. கிளம்பும் நாளில் மழை பெய்தால்? காயும்வரை காத்திருக்க முடியாதே.

கயிறுகட்டி:

நனைந்தபடியே இறக்குங்கள், வேறு வழியில்லை. சேற்றை மட்டும் அங்கேயே தட்டிவிட்டு, இறுக்கி மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி வண்டியில் போடுங்கள். பூஞ்சணம் பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும், வெயில் காலமானால் இன்னும் சீக்கிரம். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக விரியுங்கள், நிறுத்த இடம் இல்லையென்றால் கொடியிலோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலோ போட்டு இரண்டு பக்கமும் திருப்பிவிடுங்கள். தொட்டுப் பார்த்தால் துணி காய்ந்தே இருக்கும், ஏமாறாதீர்கள், தையல் மடிப்பும் மூலைகளில் இரட்டையாகத் தைத்த இடமும்தான் கடைசியில் காயும். அதையும் பிடித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள்.

பூஞ்சணம் வந்துவிட்டால் பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், இழையைத் தின்றுவிடும். துணி சோப்பும் நீர் விலக்கும் பூச்சை எடுத்துவிடும். காய்ந்த பிறகு மெதுவான பிரஷால் தேய்த்து உதறி, வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து வெயிலில் போடுங்கள், கறுப்புப் புள்ளி போகாது, பரவுவது நிற்கும். அப்புறம் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல் துணிப் பையில் போட்டு, சிமென்ட் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். எலி வராத இடமாகப் பாருங்கள்.